மண் எங்கே? புதைபடிவக் கிளிஞ்சல் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் அமாவாசைக்கு மறுநாள் உம்ஸாம்பா கடற்கரைக்குப் போயிருந்தேன். டர்பனிலிருந்து தெற்கே, போர்ட் எட்வர்டு தாண்டி ஆற்றைக் கடந்தால் வந்துவிடும். காலை 10 மணி வாக்கில் கடல் நன்றாகப் பின்வாங்கி, புதைபடிவச் சிப்பிகள் பதிந்த பாறைத்தட்டு வெளியே தெரிந்தது. டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்திருந்த நாலைந்து இளைஞர்கள் அதன்மேல் குனிந்து நின்றார்கள். ஒருவன் கையில் உளி. இன்னொருவன் என்னைப் பார்த்துச் சிரித்தபடி, "வினிகர்ல ஒரு ராத்திரி போட்டா பளபளன்னு ஆயிடும், அங்கிள்" என்றான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நானும் இதையேதான் நினைத்தேன். செய்தும் பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். தொப்பி, தண்ணீர், வழுக்காத செருப்பு பற்றியெல்லாம் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் வீட்டில் அம்மாவே சொல்லி அனுப்புவார்.

"கடற்கரையில் கிடந்தது, அதனால் எனக்கு"

இல்லை. தென்னாப்பிரிக்காவில் புதைபடிவங்கள் அரசின் சொத்து. 1999ஆம் ஆண்டின் 25ஆம் எண் தேசிய மரபுவளச் சட்டம், 35ஆம் பிரிவு. உரிமம் இல்லாமல் தோண்டுவது மட்டுமல்ல, இருந்த இடத்திலிருந்து அசைப்பதும், சேகரிப்பதும், வைத்திருப்பதும் குற்றம். பாறையிலிருந்து தானாக உதிர்ந்து மணலில் கிடப்பதற்கும் இதே விதிதான். புதிதாக ஏதாவது கண்ணில் பட்டால் மரபுவள அலுவலகத்துக்கோ பக்கத்து அருங்காட்சியகத்துக்கோ சொல்ல வேண்டும்.

அப்படியென்றால் நம்மைப் போன்றவர்களுக்கு என்ன மிச்சம்? பார்ப்பது, படம் எடுப்பது, குறித்துக்கொள்வது, பெயர் கண்டுபிடிப்பது. கையில் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் உரிமம் வைத்திருக்கும் குழுவோடு தொண்டராகப் போகலாம். நான் அப்படித்தான் போனேன். போய்த்தான் கெடுத்தேன்.

வினிகர்

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

அன்று எங்கள் குழு சேகரித்த பைகளில் ஒன்றைக் கழுவும் வேலை எனக்கு வந்தது. "தண்ணீர், மெல்லிய தூரிகை, அவ்வளவுதான். கழுவும்போது வருகிற மண்ணைத் தனியாக எடுத்து வை" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பையில் உள்ளங்கை அளவில் ஒரு டிரிகோனியா வகைச் சிப்பி இருந்தது. முதுகில் வரிசை வரிசையாகச் சிறு மணிகள் கோத்ததுபோல வரிகள். பாதி ஓடு சாம்பல் பச்சை நிறத்தில் இறுகிய மண்ணுக்குள். எனக்குச் சொந்த ஊர் அரியலூர்ப் பக்கம். அங்கே பள்ளிக்கூடம் போகும் வழியில் இதே சாயலில் சிப்பி பார்த்திருக்கிறேன். உம்ஸாம்பாவின் பாறைகளுக்கு வயது 8 கோடி ஆண்டுக்கும் மேல். இங்கே கிடைக்கும் சிப்பிகளில் சிலவற்றுக்கும் அரியலூர், திருச்சிப் பக்கத்துச் சிப்பிகளுக்கும் நெருங்கிய உறவு உண்டு என்று ஆராய்ச்சியாளர்கள் வெகுகாலமாகச் சொல்லிவருகிறார்கள். எனக்கோ ஊர்க்காரனைப் பார்த்த சந்தோஷம். முழு முகத்தையும் பார்த்துவிட வேண்டும் என்று ஒரே அவசரம்.

எவர்சில்வர் கிண்ணத்தில் வினிகரை ஊற்றி உள்ளே போட்டேன். நுரை பொங்கியது. ஆகா, அழுக்கு போகிறது என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போய்விட்டேன்.

நுரைத்தது அழுக்கு இல்லை. வெற்றிலைக்குப் போடும் கிளிஞ்சல் சுண்ணாம்பு எதிலிருந்து வருகிறது என்று நம் வீட்டுக் கிழவிகளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்தான், அந்த ராத்திரி ஞாபகம் வரவில்லை. ஓடும் கால்சியம் கார்பனேட், அதைச் சுற்றி மண்ணை இறுக்கிப் பிடித்திருக்கும் சுண்ணமும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அமிலத்துக்கு இரண்டும் ஒன்றுதான். காலையில் எடுத்துப் பார்த்தால் மணிகள் எல்லாம் வாயில் பாதி கரைந்த கற்கண்டுபோல மழுங்கிக் கிடந்தன. அதைவிட மோசம், ஓட்டின் உட்புறம் கீல் இருக்கும் இடத்தில் உள்ள பற்கள் போய்விட்டன. இரட்டை ஓட்டுச் சிப்பி எந்தக் குடும்பம் என்று சொல்வதற்கு அந்தப் பற்களைத்தான் முதலில் பார்ப்பார்கள். டிரிகோனியாவுக்கு அந்தப் பற்களில் குறுக்கே நுண்ணிய வரிப்பள்ளங்கள் ஓடும். என்னுடையதில் ஒரு மேடும் ஒரு குழியும்தான் மிச்சம்.

பயந்துகொண்டே கொண்டுபோய்க் கொடுத்தேன். குழுவில் இருந்த ஆராய்ச்சியாளர் சிப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை. "மண் எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

மண்ணைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றியிருந்தேன்.

அந்த மண்ணில் ஃபோராமினிஃபெரா எனும் ஒற்றைச் செல் உயிரிகளின் ஓடுகள் இருந்திருக்கும், மணல் துகள் அளவில். பாறையின் எந்த அடுக்கு எந்தக் காலம் என்று பிரித்துச் சொல்ல அவற்றையும் பார்க்கிறார்கள். அவையும் பெரும்பாலும் சுண்ண ஓடுதான். தொட்டிக்குப் போகுமுன்பே வினிகர் தின்றிருக்கும். சிப்பியின் முகமும் போயிற்று, விலாசமும் போயிற்று. ஒரே ராத்திரியில், ஒரே கிண்ணத்தில்.

இன்றைக்கும் இந்த யோசனையைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வருவதற்கு வேறு காரணம் உண்டு. இது முழுப் பொய் இல்லை. சில ஊர்களில் ஓட்டின் சுண்ணம் போய் அந்த இடத்தில் வினிகர் போன்ற அமிலத்தில் கரையாத சிலிக்கா ஏறியிருக்கும். சுற்றிலும் சுண்ணாம்புப் பாறை, உள்ளே சிலிக்கா ஓடு. அதை அமிலத்தில் போட்டால் பாறை கரைந்து, முள் உடையாமல் ஓடு வெளியே வரும். அருங்காட்சியகங்களே அப்படிச் செய்வதுண்டு. அப்படி ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் நம் பையன்கள் கிளம்புகிறார்கள். அவர்களிடம் இருப்பது சுண்ண ஓடு என்பதை வீடியோ சொல்வதில்லை. இதில் இன்னும் சிலர் நீச்சல்குளத்துக்கு ஊற்றும் ஆசிட்டுக்கே போய்விடுகிறார்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஒரு ராத்திரியெல்லாம் தேவையில்லை, ஒரு தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும்.

சரி, உரிமத்தோடு வந்த ஒன்றைச் சுத்தம் செய்யச் சொல்லி உங்கள் கையில் கொடுத்தால் என்ன செய்வது? முதலில் படம் எடுங்கள். நிழலில் காயவிடுங்கள். மூங்கில் குச்சியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள், கீழே வெள்ளைத் தாள் விரித்து. தண்ணீர்கூட ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்த பிறகுதான். சில ஓடுகள் மண்ணின் பிடியில்தான் ஒன்றாக நிற்கின்றன, நனைந்தால் உதிர்ந்துவிடும். விழுந்த மண் ஒரு பைக்குள், சிப்பியின் எண்ணே அந்தப் பைக்கும். நகப்பூச்சு, சூப்பர் குளூ இரண்டும் வேண்டாம். பலப்படுத்தத்தான் வேண்டும் என்றால் அருங்காட்சியகத்தார் பாராலாய்டு பி-72 பிசினை அசிட்டோனில் கரைத்துப் பூசுவார்கள். அது அவர்கள் வேலை.

பழைய சாப்பாட்டுக் குப்பையைப் புதைபடிவம் என்று நினைப்பது

மணல்மேட்டில் வெள்ளை வெளேரென்று சிப்பி அடுக்கு தெரிந்தால் மனசு துள்ளும். எனக்கும் துள்ளியது. பழைய கடல்மட்டத்தையே கண்டுபிடித்துவிட்டதாக இரண்டு நாள் திரிந்தேன். கடைசியில் பார்த்தால், பழங்காலத்து மக்கள் மட்டி தின்று கொட்டிய மேடு.

வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. தின்று போட்டதில் தின்னக்கூடியவைதான் இருக்கும்: பழுப்பு மட்டி, பாறைச் சிப்பி, அதுவும் நல்ல வளர்ந்த அளவில். நடுவே கரித்துண்டு, தீயில் வெடித்த கல், மீன் முள். கடல் சேர்த்த அடுக்கில் அரிசி அளவுக் குஞ்சுச் சங்கும் இருக்கும், யாரும் தின்னாத வகையும் இருக்கும், அலையில் உருண்டு தேய்ந்ததும் இருக்கும். சில சிப்பிகள் இரண்டு ஓடும் மூடியபடியே கிடக்கும். எதுவாக இருந்தாலும் கை வைக்காதீர்கள். அந்த மேடுகளும் இதே சட்டத்தின்கீழ் தொல்பொருள்.

சாளக்கிராமம்

உம்ஸாம்பாவில் சுருள் ஓட்டுப் புதைபடிவமான அம்மோனைட்டைப் பார்த்துவிட்டு என் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். தப்பில்லை, கண்டகி நதிச் சாளக்கிராமத்துக்குள் இருக்கும் சக்கரமும் அம்மோனைட்தான். ஆனால் அது சங்கு இல்லை. கணவாய், நாட்டிலஸ் இவற்றின் உறவு. சங்கு பெரும்பாலும் கோபுரம்போல எழும்பிச் சுற்றும், உள்ளே தடுப்பு இல்லாத ஒரே குழல். அம்மோனைட் பெரும்பாலும் ஒரே தளத்தில் சுற்றும், உள்ளே அறை அறையாகத் தடுத்திருக்கும். மேல் ஓடு போன இடத்தில் அந்தத் தடுப்புகளின் ஓரம் இலை நரம்புபோல நெளிந்து தெரிகிறதா என்று பாருங்கள்.

பூஜை அறைக்கு எடுத்துப் போகக் கூடாது என்று அத்தைக்குப் புரியவைக்கத்தான் அரை மணி நேரம் ஆனது.

வார்ப்பை ஓடு என்று நினைப்பது

ஓடு கரைந்துபோய் உள்ளே நிரம்பிய மண் மட்டும் கல்லாக நிற்கும். அது சிப்பியின் உள்முகம். வெளியே இருந்த வரி அதில் இல்லை என்றால் "வரியில்லாத வகை" என்று எழுதாதீர்கள்.

வெளிநாட்டுப் படத்தோடு ஒப்பிட்டுப் பெயர் வைப்பது

டெக்சாஸ் சிப்பியின் பெயர் டெக்சாஸ் சிப்பிக்குத்தான்.

படத்தில் விரலை அளவுக்கு வைப்பது

யார் விரல்? ஐந்து ராண்ட் நாணயம் வையுங்கள், 26 மில்லிமீட்டர்.

கிட்டப் படம் மட்டும் எடுப்பது

மூன்று படமாவது வேண்டும்: சிப்பி, அது பதிந்திருக்கும் அடுக்கு, அடுக்கிலிருந்து பத்தடி தள்ளி நின்று முழுப் பாறை. அடுக்கு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து நோட்டில் எழுதுங்கள். போனில் இடக்குறிப்பு வேலை செய்கிறதா என்று கடற்கரையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். உளி வைத்திருந்த பையன் அன்று உளியை வண்டியில் வைத்துவிட்டு வந்து நாற்பது படம் எடுத்தான். வீட்டுக்குப் போனபின் பார்த்தால் ஒன்றில்கூட இடம் பதியவில்லை. கடல் மறுபடி நன்றாகப் பின்வாங்கும் அடுத்த பௌர்ணமிக்குப் போகிறோம்.