துளை மட்டும் போட்ட பழைய தையல் பேட்டர்ன்: படித்து, வரைந்து, தைப்பது எப்படி?

1930, 40களில் வந்த அமெரிக்கப் பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான காகித மாதிரி) ஒன்றின் உறையைப் பிரித்தால், உள்ளே பெரும்பாலும் இருப்பது ஒன்றுமே அச்சடிக்காத டிஷ்யூ பேப்பர். கோடு இல்லை, அம்புக்குறி இல்லை, ‘இது முன்பக்கம்’ என்று ஒரு வார்த்தைகூட இல்லை. அங்கங்கே வட்டமாகச் சில துளைகள், ஓரத்தில் சில வெட்டுகள். அவ்வளவுதான். வாங்கியவர்களில் பாதிப் பேர் இந்த இடத்திலேயே மடித்து உறைக்குள் வைத்துவிடுகிறார்கள்.

அப்படி வைத்துவிட வேண்டியதில்லை. அந்தக் காலத்து வீட்டுத் தையல் பேட்டர்ன்களில் துண்டுகள் குறைவு, வளைவுகள் குறைவு, தையல் எல்லாமே நேர்த்தையல். கஷ்டம் தைப்பதில் இல்லை, துளைகளைப் படிப்பதில்தான். அதனால் இந்தப் பதிவில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான். டார்ட் (உடம்பு வடிவத்துக்காகத் துணியை முனை ஒடுங்கப் பிடிக்கும் மடிப்பு) பிடிக்கத் தெரியும், ஒரு பாவாடையாவது தைத்திருக்கிறேன் என்பவர்களுக்கு இது. மெஷினில் நூல் கோக்கும் கதையெல்லாம் இங்கே கிடையாது.

ஏன் துளை?

மாசசூசெட்ஸில் ஸ்டெர்லிங் என்ற ஊரில் தையல் வேலை செய்துகொண்டிருந்த எபனேசர் பட்டரிக், 1863ல் பல சைஸ்களில் காகிதப் பேட்டர்ன் விற்க ஆரம்பித்தார். அதற்கு முன் கிடைத்ததெல்லாம் பொதுவாக ஒரே சைஸ்தான், உங்களுக்கு ஏற்ற மாதிரி நீங்களே கூட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டும். டிஷ்யூ பேப்பரைக் கட்டுக்கட்டாக அடுக்கி, மொத்தமாக வெட்டி, மொத்தமாகத் துளை போட்டுவிடலாம் என்பதால் நெடுங்காலம் இந்த முறையே ஓடியது. மெக்கால் நிறுவனம் 1920களிலேயே கோடுகளை அச்சடிக்கத் தொடங்கிவிட்டது. மற்றவர்கள் மாறுவதற்கு நாளாயிற்று. சிம்ப்ளிசிட்டி 1946ல் மாறியது. வோக் 1950களின் பின்பாதிவரை துளையோடுதான் இருந்தது.

1. எதை வாங்குவது

உறையின் படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். படத்தில் இருக்கும் பெண்ணுக்கு இடுப்பே இருக்காது. உறையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். துண்டுகளின் சின்னப் படம் அங்கே இருக்கும். ஐந்து, ஆறு துண்டுக்குள் இருந்தால் வாங்கலாம். கையும் உடம்பும் சேர்ந்தே வெட்டுகிற கிமோனோ கை இருந்தால் இன்னும் நல்லது, கை ஏற்றுகிற வேலையே மிச்சம்.

என் கட்சி 1940கள்தான். 1942ல் அமெரிக்க அரசு ‘எல்-85’ என்ற உத்தரவு போட்டு ரெடிமேட் உடைகளில் துணிச் செலவைக் கட்டுப்படுத்தியது. பாவாடை அகலம், நீளம், மடிப்பு எல்லாவற்றுக்கும் அளவு. வீட்டுப் பேட்டர்ன்களும் அதே பாணியில் வந்தன. விளைவு: தேவையில்லாத ஃபிரில் இல்லை, தோளில் கொஞ்சம் சுருக்கு, இடுப்பில் இரண்டு டார்ட், முடிந்தது. உடம்பில் நிற்கிற அழகு முழுக்க அந்தச் சுருக்கும் டார்ட்டும் எங்கே உட்கார்கின்றன என்பதில்தான் இருக்கிறது. 1930களின் கிராஸில் (துணியின் இழைக்குக் கோணலாக) வெட்டுகிற நீள கவுன்கள் பார்க்க அபாரம், ஆனால் முதல் முயற்சிக்கு வேண்டாம்.

உறையில் வருடம் போடாவிட்டால் முகவரியைப் பாருங்கள். ‘நியூயார்க் 16’ என்பதுபோல ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஒன்றிரண்டு இலக்க எண் இருந்தால் 1943க்கும் 1963க்கும் நடுவில் வந்தது. ஐந்து இலக்க அஞ்சல் எண் இருந்தால் அதற்கு அப்புறம்.

விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். எல்லாத் துண்டும் இருக்கிறதா? உள்ளே இருக்கும் செய்முறைத் தாள் இருக்கிறதா? இரண்டாவதுதான் முக்கியம். காரணம் 4ம் படியில்.

2. சைஸ் எண்ணைப் பார்க்காதீர்கள்

மார்பளவை மட்டும் பாருங்கள். 1956க்கு முந்தைய பேட்டர்னில் 12ம் சைஸ் என்றால் மார்பு 30 இஞ்ச். அப்புறம் அதே 12 என்பது 32 ஆனது, 1960களின் கடைசியில் 34 ஆனது, இன்றுவரை 34தான். ‘நான் எப்போதும் 12’ என்று வாங்கினால் நான்கு இஞ்ச் இறுக்கமாக இருக்கும்.

3. சுருக்கம் எடுப்பது

நீராவி இல்லாமல், அயர்ன் பாக்ஸைக் குறைந்த சூட்டில் வைத்து, மேலே ஒரு மெல்லிய துணி போட்டுத் தேயுங்கள். முதலில் ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள். பழுப்பேறிய டிஷ்யூ சில சமயம் தொட்டாலே உதிரும். குண்டூசி குத்தவே குத்தாதீர்கள். மேலே எடைக்கல், பழைய சாவிக்கொத்து, எது வேண்டுமானாலும் வையுங்கள்.

4. துளைகளைப் படிப்பது

எனக்கு அதிக நேரம் எடுத்த படி இதுதான்.

எந்தத் துளைக்கு என்ன அர்த்தம் என்று எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான சட்டம் கிடையாது. ஒன்றில் பெரிய துளை என்றால் துணியின் நேர் இழை, இன்னொன்றில் அதே பெரிய துளை வேறு எதையோ சொல்லும். விளக்கம் செய்முறைத் தாளிலோ உறையின் பின்பக்கத்திலோ இருக்கும். அதைப் பெரிதாக எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவைத்துவிட்டு உட்காருங்கள்.

முதல் வேலை, எல்லாத் துண்டுகளையும் தரையில் பரப்பி எழுத்துகளைத் தேடுவது. பெரும்பாலும் ஒவ்வொரு துண்டிலும் ஓர் ஆங்கில எழுத்து அல்லது எண் துளையாகவே போடப்பட்டிருக்கும். வெள்ளைத் தாளின்மேல் வைத்தால் தெரியாது. கறுப்புத் துணி மேல் விரியுங்கள், பளிச்சென்று தெரியும். எழுத்து நேராகத் தெரிகிற பக்கம்தான் மேல்பக்கம்.

அடுத்து, துளைகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

நேரான ஓரத்தை ஒட்டி, வெட்டுக்குறி (எந்த ஓரம் எதோடு சேரும் என்று காட்டும் சின்ன வெட்டு) எதுவும் இல்லாத இடத்தில் பெரிய துளைகள் இருந்தால், அது அநேகமாகத் துணி மடிப்பில் வைக்க வேண்டிய ஓரம். முன்பக்க நடு, பின்பக்க நடு இரண்டும் இப்படித்தான் வரும்.

ஓரத்தை விட்டு உள்ளே தள்ளி, ஒரே நேர்கோட்டில் தூரத்தூர இருப்பவை நேர் இழை. அந்தக் கோட்டை ஸ்கேல் வைத்து நீட்டிப் பாருங்கள். துணியின் கரைக்கு இணையாக வர வேண்டியது இதுதான்.

சின்னத் துளைகள் எல்லாம் தையல் வேலைக்கு. இரண்டு வரிசை ஒரு முனையில் போய்ச் சேர்ந்தால் டார்ட். இரண்டு வரிசை சேராமல் இணையாகவே போனால் டக், அதாவது நேராக மடித்துத் தைக்கும் மடிப்பு. ஓரத்துக்குப் பக்கத்தில் தனித்தனியாக இரண்டு மட்டும் இருந்தால், இங்கிருந்து அங்குவரை சுருக்கு என்று அர்த்தமாக இருக்கலாம். அந்த அளவை எதிரே சேரவேண்டிய துண்டின் ஓரத்தோடு ஒப்பிடுங்கள். இது நீளம், அது குட்டை என்றால் சுருக்கு உறுதி.

தோள்தான் குழப்பும். 40களின் முன்பக்கத் துண்டில் தோளுக்குக் கீழே சின்னத் துளைகள் கும்பலாக இருக்கும், டார்ட்டா சுருக்கா என்று தெரியாது. அப்போது முன்தோளையும் பின்தோளையும் அளந்து பாருங்கள். முன்தோள் ஒரு இஞ்ச் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். துளை வரிசைகளின் நடுவே உள்ள இடைவெளியும் ஒரு இஞ்ச் என்றால் அது டார்ட், இல்லையென்றால் சுருக்கு. துளைகள் பொய் சொன்னாலும் ஓர நீளம் பொய் சொல்லாது. சேரும் இரண்டு ஓரங்களை அளப்பதுதான் செய்முறைத் தாள் இல்லாதவர்களுக்கும் ஒரே வழி.

கைத் துண்டுக்கு முன் எது, பின் எது? ஓரத்து வெட்டுகளின் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். மேல் வளைவில் உள்ளே அதிகம் குழிந்திருக்கும் பக்கம் முன்பக்கம்.

5. வரைந்து எடுப்பது

மூலத்தை வெட்டாதீர்கள். அதன்மேல் பட்டர் பேப்பர் போட்டு பென்சிலால் வரையுங்கள். பிரவுன் ஷீட்தான் உறுதி என்பார்கள், ஆனால் அதில் கீழே இருப்பது தெரியாது. அப்புறம் ட்ரேசிங் வீல் ஓட்ட வேண்டும், அந்தச் சக்கரத்தின் பற்கள் பழைய டிஷ்யூவைக் கிழித்துவிடும். பட்டர் பேப்பர்தான் சரி.

துளை இருக்கும் இடத்தில் வட்டம் மட்டும் போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். அது என்ன என்பதைத் தமிழில் எழுதுங்கள்: ‘மடிப்பு’, ‘நேர் இழை’, ‘டார்ட்’, ‘இங்கிருந்து சுருக்கு’. துண்டின் பெயர், எத்தனை வெட்ட வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

தையலுக்கு எவ்வளவு விட்டிருக்கிறார்கள் என்பதைச் செய்முறைத் தாளில் பாருங்கள். இன்றைய பேட்டர்ன்களில் 5/8 இஞ்ச். பழையவற்றில் 3/8 அல்லது 1/2 சகஜம். கண்ணை மூடிக்கொண்டு 5/8ல் தைத்தால் ஒவ்வொரு தையலிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து, கடைசியில் உள்ளே நுழைய முடியாது.

6. அளவு மாற்றுவது

பேட்டர்ன் மார்பு 32, உங்களுக்கு 36 என்றால் நான்கு இஞ்ச் தேவை. அரை முன்பக்கம், அரை பின்பக்கம் என்று வரைந்திருப்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு இஞ்ச். மொத்தத்தையும் பக்கத் தையலில் சேர்த்தால் ஆர்ம்ஹோல் (கை சேரும் வளைவு) தொளதொளக்கும். தோளின் நடுவிலிருந்து கீழ்வரை பேப்பரை நேராக வெட்டி அரை இஞ்ச் விரியுங்கள், மீதி அரை இஞ்சைப் பக்கத்தில் சேருங்கள். தனிக் கை என்றால் அக்குள் பக்கம் இருபுறமும் அரை அரை இஞ்ச் சேர்க்க வேண்டும். பாவாடைத் துண்டுகளுக்கும் தலா ஒரு இஞ்ச்.

இங்கே நம் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே வரும். ரவிக்கை தைத்துப் பழகிய கை, உடம்போடு ஒட்டித்தான் பார்க்கும். இந்த உடைகளில் மார்பைச் சுற்றி மூன்று நான்கு இஞ்ச் தளர்வு வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். ‘லூஸாக இருக்கிறதே’ என்று பிடித்துவிட்டால், கிமோனோ கையில் கையைத் தூக்கவே முடியாது, இடுப்பு மேலே ஏறிக்கொள்ளும். தளர்வை விட்டுவிடுங்கள்.

7. காடா துணியில் ஒரு தடவை

உடம்புப் பகுதியை மட்டும் காடா துணியில் பெரிய தையலாகப் போட்டுப் பாருங்கள். பாவாடை தேவையில்லை. கைகளைத் தூக்குங்கள், உட்காருங்கள். 40களின் இடுப்புக்கோடு நம் இயல்பான இடுப்பில் இருக்கும், இப்போதைய உடைகளைப்போலக் கீழே இறங்காது. உயரம் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமென்றால் பேப்பரை இடுப்புக்கு மேலே குறுக்காக வெட்டிச் செய்யுங்கள்.

8. துணி, தையல்

உறையில் துணிக் கணக்கு 35, 39 இஞ்ச் அகலத்துக்குப் போட்டிருக்கும். நம் கடையில் 36 பன்னா காட்டன் எடுத்தால் 35க்கான கணக்கு அப்படியே ஒத்துப்போகும். அளவு கஜத்தில் இருக்கும். மூன்றரை கஜம் என்பது 3.2 மீட்டர். நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள். பாப்ளின் தைக்கச் சுலபம், ஆனால் தோள் சுருக்கு விறைத்து நிற்கும். எனக்குப் பிடித்தது கொஞ்சம் கனமான வாயில் (voile) துணி.

பழைய கால் மெஷின் போதும். இவை நேர்த்தையல் மட்டுமே இருந்த காலத்து உடைகள். ஓவர்லாக் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். உள் ஓரத்தை ஜிக்ஜாக் கத்தரியால் வெட்டி அயர்ன் பண்ணினால் போதும். ஒவ்வொரு தையலையும் போட்ட உடனே அயர்ன் பண்ண வேண்டும், கடைசியில் மொத்தமாக அல்ல. செய்முறைத் தாள் ‘கழுத்தை முடிக்கவும்’ என்று ஒரே வரியில் போய்விடும். அதற்கு ஒன்றேகால் இஞ்ச் கிராஸ் பீஸ் வெட்டி உள்பக்கம் மடித்துத் தைத்துவிடுங்கள்.

இன்னும் சுலபமாக வேண்டுமென்றால் பேட்டர்னே வேண்டாம். பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டனில் மேரி புரூக்ஸ் பிக்கன் தொடங்கிய தையல் பயிற்சி நிறுவனம், 1920களில் ‘ஒரு மணி நேர உடை’ என்ற முறையைப் பரப்பியது. துணியை மடித்து, உடல் அளவை நேரடியாகத் துணியிலேயே குறித்து வெட்டுவது. நம் டெய்லர்கள் சாக்பீஸை எடுத்து நேராகத் துணியில் போடுவார்களே, அதற்கு ரொம்பப் பக்கம்.

சேர்க்கை 1: ‘இரண்டு கையும் ஒரே பக்கத்துக்கு வந்துவிட்டது’ என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். துணியை மடிக்காமல் ஒற்றையாக வெட்டினால் இரண்டாவது தடவை பேப்பரைக் கவிழ்த்து வைக்க வேண்டும். அச்சில்லாத பேப்பரில் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் மறந்துபோகும். பட்டர் பேப்பரின் ஒரு பக்கத்தில் ‘வலது’, மறுபக்கத்தில் ‘இடது’ என்று எழுதிவிடுங்கள்.

சேர்க்கை 2: 1952ல் வந்த பட்டரிக் 6015, ‘வாக்அவே’ உடையைப் பற்றிப் பலர் கேட்டார்கள். காலையில் ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்கு உடுத்திக்கொண்டு போகலாம் என்று விளம்பரம் செய்த மாடல். மொத்தம் மூன்றே துண்டு. ஒடுங்கிய முன்பகுதி பின்னால் போய் மாட்டிக்கொள்ளும், அகலமான பின்பகுதி முன்னால் சுற்றி வந்து பட்டனில் நிற்கும். பிற்பாடு 4790 என்ற எண்ணில் மறுபதிப்பாக வந்தது, அதில் கோடெல்லாம் அச்சடித்தே இருக்கும். தாராளமாக முதலில் அதைத் தைக்கலாம். ஆனால் எல்லா ஓரத்துக்கும் கிராஸ் பீஸ் வைக்க வேண்டும், அது மட்டுமே பல மீட்டர். மதியச் சாப்பாட்டுக் கணக்கை நம்பாதீர்கள்.

சேர்க்கை 3: இடது பக்கத் தையலில் ஏன் திறப்பு என்று ஒரு கேள்வி. பின்னால் ஜிப் வைப்பது பிற்பாடுதான் சகஜமானது. அன்று இடது அக்குளுக்குக் கீழே இருந்து இடுப்புக்கோட்டுக்குச் சற்றுக் கீழ்வரை பிரஸ் பட்டன் வைப்பார்கள். ஜிப் வேண்டுமென்றால் அதே இடத்தில் 10 இஞ்ச் ஜிப் வையுங்கள், மேலேயும் கீழேயும் தையலை மூடிவிடுங்கள். பின்பக்க நடுவை வெட்டி ஜிப் வைக்காதீர்கள், அது மடிப்பில் வைத்து வெட்டிய துண்டு, தையலுக்கு அங்கே இடமே விட்டிருக்க மாட்டார்கள்.