பால் சேராத காலை உணவு: கேழ்வரகு இட்லியும் எள்ளுச் சட்னியும்

வீட்டில் ஒருவருக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அவருக்கு மட்டும் தனியே சமைக்காமல், எல்லோரும் ஒன்றாக உண்ணும்படி காலைச் சமையலையே மாற்றிக்கொள்வது நல்லது. ஆனால், பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. சுவை இருக்குமே தவிர, அதில் கால்சியமும் புரதமும் மிகக் குறைவு. அவற்றைக் கேழ்வரகும் உளுந்தும் எள்ளும் சேர்ந்து தருகின்றன. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கால்சியம் இருக்க, அதே அளவு பசும்பாலில் 120 மில்லிகிராம் அளவே இருக்கிறது. தானியத்திலுள்ள ஃபைட்டிக் அமிலம் அந்தக் கால்சியத்தை உடல் முழுமையாக ஏற்கவிடாது. ஊறவைத்துப் புளிக்கவைத்தால் அந்த அமிலம் குறையும் என்பதால்தான் உடனடிக் கேழ்வரகு தோசையைவிட இட்லியை நான் வற்புறுத்துகிறேன்.

2 கப் முழுக் கேழ்வரகையும் 1 கப் இட்லி அரிசியையும் கழுவி 8 மணி நேரமும், முக்கால் கப் கறுப்பு உளுந்தை 1 தேக்கரண்டி வெந்தயத்துடன் 4 மணி நேரமும் ஊறவையுங்கள். உளுந்தைத் தோல் நீக்காமல் பொங்கப் பொங்க ஆட்டியெடுத்து, அடுத்துக் கேழ்வரகையும் அரிசியையும் நைசாக அரைத்து, உப்பிட்டுக் கையால் கலந்து இரவு முழுவதும் மூடிவையுங்கள். இந்த மாவு வெள்ளை இட்லி மாவைப் போல் உயராது. புளித்த மணமும் குமிழிகளும் தெரிந்தாலே பதம் வந்துவிட்டது என்று பொருள். தட்டில் நல்லெண்ணெய் தடவி 12 நிமிடம் வேகவிட்டு, சற்று ஆறியபின் எடுத்தால் ஒட்டாமல் வரும்.

சட்னிக்கு 2 மேசைக்கரண்டி கறுப்பு எள்ளை வெறும் சட்டியில் வறுத்து, படபடவெனப் பொரிந்ததும் இறக்கிவிடுங்கள், கருகினால் கசக்கும். வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, மிளகாய் வற்றல் மூன்று, சிறிது புளி, உப்பு சேர்த்து அரைத்தால் போதும். எள்ளோ வேர்க்கடலையோ ஒவ்வாத குழந்தைக்குப் பொட்டுக்கடலையும் தேங்காயும் சேர்த்து அரையுங்கள்.

பால் ஒவ்வாமை உள்ளவருக்கு நெய், மோர், ஆட்டுப்பால் எதுவும் ஆகாது. கடை ரொட்டியிலும் பிஸ்கட்டிலும் பால்பொடி கலந்திருக்கலாம் என்பதால் உறையைப் படித்தபின் வாங்குங்கள். முட்டையும் உண்ணாத வீட்டில் பாலையும் நிறுத்தினால் வைட்டமின் பி12 குறையக்கூடும். மருத்துவரிடம் கேட்டு அதற்கு வழிசெய்துகொள்ள வேண்டும்.