வெள்ளத்துக்குப் பிறகு உள்ளாட்சியிடம் சுகாதாரக் கணக்குக் கேட்பது எப்படி?

வெள்ளமோ புயலோ ஓய்ந்த முதல் வாரத்தில் உள்ளாட்சி அமைப்பு செய்கிற வேலை எல்லோர் கண்ணிலும் படும். தேங்கிய நீரை இறைக்கும் மோட்டார்கள் ஓடும், டேங்கர் லாரிகள் வரும், மருத்துவ முகாம் நடக்கும், பார்வையிட வருகிறவர்களுக்கும் குறைவிருக்காது. ஆனால் நோய்களில் பல அந்த வாரத்தில் தலைகாட்டுவதில்லை. காலரா சில மணி நேரத்திலிருந்து 5 நாள்களுக்குள் வெளிப்பட்டுவிடும் என்றாலும், எலிக்காய்ச்சலுக்கு 2 முதல் 30 நாள்கள் வரை ஆகலாம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்கவே ஏறத்தாழ 7 முதல் 10 நாள்கள் ஆகும். வைரஸ் அதன் உடலுக்குள் பெருகி, கடிபட்டவருக்குக் காய்ச்சலாக வெளிப்பட மேலும் இரண்டு மூன்று வாரங்கள் பிடிக்கும். அசுத்த நீரால் பரவும் மஞ்சள் காமாலையில் ‘ஏ’ வகை 2 முதல் 7 வாரங்களிலும், ‘ஈ’ வகை 2 முதல் 10 வாரங்களிலும் தெரியவரும். நிவாரணக் கோப்பை மூடுகிறவர்கள் இவ்வளவு நாள் காத்திருப்பதில்லை. ஆகவே கணக்குக் கேட்க முன்வரும் குடியிருப்போர் சங்கமோ வார்டு உறுப்பினரோ, குறைந்தது 10 வாரங்களுக்குப் பதிவேடுகளைத் தொடர்ந்து பார்க்கும் தயாரிப்போடு இறங்க வேண்டும்.

எதைக் கேட்பது

“என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?” என்று கேட்டால் “போர்க்கால அடிப்படையில் பணிகள் நடைபெற்று வருகின்றன” என்று பதில் வரும். அதில் பொய்யும் இருக்காது, செய்தியும் இருக்காது. ஏட்டின் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். மேல்நிலைத் தொட்டிகளின் தினசரி குளோரின் பதிவேடு, தொட்டி கழுவிய தேதிகள், பிளீச்சிங் பவுடர் இருப்புப் பதிவேடு, டேங்கர் லாரிகளின் லாக் புக், குடிநீர் மாதிரிகளின் ஆய்வறிக்கைகள், கொசுப்புழு ஆய்வுக் குறிப்புகள், மருத்துவ முகாம்களில் நோய்வாரியாகப் பதிவான எண்ணிக்கை ஆகியவை முதல் சுற்றில் போதும். துப்புரவுப் பணியாளர்களுக்குப் பூட்ஸும் கையுறையும் வழங்கிய பதிவையும் இதோடு சேர்த்துக் கேளுங்கள். எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் முதலில் கால் வைப்பவர்கள் அவர்கள்தாம்.

இவற்றுள் குளோரின் பதிவேடு தலையாயது என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்ட்டன் என்ற சிறு நகரத்தில், 2000ஆம் ஆண்டு மே மாதத்துப் பெருமழையில் மாட்டு எரு கரைந்து குடிநீர்க் கிணறு ஒன்றில் கலந்தது. அந்த நீரிலிருந்த ஈ.கோலை கிருமியால் 7 பேர் இறந்தனர். 2,300க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நீதிபதி டென்னிஸ் ஓ’கானர் நடத்திய விசாரணையில், குடிநீர் ஊழியர்கள் குளோரினை அளக்காமலேயே நாள்தோறும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்றும் 0.75 மில்லிகிராம் என்றும் ஏட்டில் எழுதி வந்தது தெரியவந்தது. நீர் கெட்டிருப்பதாக ஆய்வகம் அனுப்பிய அறிக்கையும் சுகாதார அலுவலகத்திடமிருந்து மறைக்கப்பட்டிருந்தது. மாகாண அரசின் செலவுக் குறைப்பையும் அந்த விசாரணை விட்டுவைக்கவில்லை.

ஆகவே, பதிவேட்டைப் பெற்றதும் முதலில் அதன் எண்களைப் பாருங்கள். உண்மையாக அளக்கப்பட்ட குளோரின் அளவு ஏறும், இறங்கும். தொட்டி கலங்கிய நாளில் விழும். முப்பது நாளும் ஒரே எண், ஒரே பேனா, ஒரே கையெழுத்து என்றிருந்தால் அது ஒரே மாலையில் உட்கார்ந்து எழுதப்பட்டதோ என்று சந்தேகிக்க இடமுண்டு. அடுத்து அதை இருப்புப் பதிவேட்டோடு ஒத்துப் பாருங்கள். ஒரு லட்சம் லிட்டர் கொள்ளும் தொட்டியில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் குளோரின் கலக்க 200 கிராம் குளோரின் தேவை. 33 சதவீதத் திறனுள்ள புதிய பிளீச்சிங் பவுடராக இருந்தால் அதற்கு ஏறத்தாழ 600 கிராம் ஆகும். மூட்டை பழையதாகித் திறன் 20 சதவீதமாக இறங்கியிருந்தால் ஒரு கிலோ ஆகும். தொட்டி நாளைக்கு இருமுறை நிரம்புகிறது என்றால், புதிய பவுடரிலேயே மாதத்துக்கு 36 கிலோ செலவாகியிருக்க வேண்டும். பதிவேட்டில் குளோரின் குறையாமல் இருந்து, கிடங்கில் 10 கிலோதான் வெளியே போயிருக்கிறது என்றால் இரண்டு ஏடுகளில் ஒன்று பொய் சொல்கிறது. இந்தக் கணக்கைப் போட வேதியியல் பட்டம் வேண்டாம், பொறுமை போதும்.

சாலையோரம் வெள்ளைக் கோடாகத் தூவப்படும் பிளீச்சிங் பவுடரைப் பற்றியும் ஒரு வார்த்தை. குப்பை மேட்டிலும் சேற்றிலும் தூவப்பட்ட பவுடர், அங்குள்ள அழுக்கோடு வினைபுரிந்து சிறிது நேரத்தில் வலுவிழந்துவிடும். கொசுவையும் எலியையும் அது ஒன்றும் செய்யாது. கண்ணுக்குத் தெரிகிற வேலை என்பதால்தான் அது விடாமல் நடக்கிறது. தூவியது எத்தனை கிலோ, தொட்டியில் இட்டது எத்தனை கிலோ என்று பிரித்துக் கேட்பது நல்லது.

நீங்களே அளந்து பார்ப்பது

உள்ளாட்சியின் எண்ணை மறுக்க உங்களிடம் வேறொரு எண் இருக்க வேண்டும். குளோரின் பரிசோதனைப் பெட்டி விலை அதிகமில்லாத பொருள். சிறு கண்ணாடிக் குழலில் குறியிட்ட அளவுக்கு நீர் பிடித்து, அதற்குரிய மருந்தைச் சொட்டு விட்டால் மஞ்சள் நிறமோ, மாத்திரை வகையாக இருந்தால் இளஞ்சிவப்போ தோன்றும். அந்த நிறத்தைப் பெட்டியிலுள்ள அட்டையோடு ஒப்பிட்டு உடனே அளவைப் படித்துவிட வேண்டும். தொட்டிக்கு அருகிலுள்ள குழாயை அளப்பதில் பயனில்லை. குழாய்த் தடத்தின் கடைசி வீட்டில், தரைத்தொட்டிக்குள் போகுமுன் நேரடியாக வரும் நீரை, சிறிது நேரம் ஓடவிட்டு அளக்க வேண்டும். அங்கே லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின், அதாவது கிருமிகளைக் கொன்றது போக நீரில் மீந்திருக்கும் குளோரின், இருக்க வேண்டும். நோய் பரவும் காலத்தில் 0.5 வேண்டும். நிறம் தோன்றவே இல்லை என்றால், அந்த நீர் கொதிக்கவைத்தே குடிக்கத்தக்கது என்று தெருவுக்குச் சொல்லிவிட்டு, அதன் பிறகு மனு எழுதுங்கள். குழலையும் அட்டையையும் சேர்த்துப் புகைப்படம் எடுத்து, தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொள்வது அவசியம்.

ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பியும் உதவும். அதில் நீரை ஊற்றி 24 முதல் 48 மணி நேரம் வைத்திருந்து, கறுத்தால் மலக்கழிவு கலந்திருக்கக்கூடும் என்று கொள்ளலாம். இது முடிந்த முடிவு ஆகாது. முறையான ஆய்வகச் சோதனை கோருவதற்குப் போதிய ஆதாரம், அவ்வளவே.

மனுவும் தகவல் உரிமையும்

மனு ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். ஆதங்கத்தை எழுத அது இடமில்லை. இந்த அளவில் எழுதினால் போதும்:

“எங்கள் தெருவின் கடைசிக் குழாயில் இன்று காலை 6.40 மணிக்கு அளந்தபோது எஞ்சிய குளோரின் தென்படவில்லை. புகைப்படம் இணைக்கப்பட்டுள்ளது. அதே குழாயைத் தங்கள் அலுவலர் எங்கள் முன்னிலையில் அளந்து முடிவை எழுத்தில் தர வேண்டும் என்றும், குறை உறுதியானால் அது சரிசெய்யப்படும் தேதியையும் பொறுப்பு அலுவலரின் பதவியையும் தெரிவிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம்.”

ஒரு படியை உள்ளாட்சி அலுவலகத்திலும் மறு படியைச் சுகாதாரத் துறையிலும் கொடுத்து, இரண்டுக்கும் தேதி முத்திரையோடு ஒப்புகை பெறுங்கள். குடிநீர் ஓர் அலுவலகத்திலும் நோய்க் கணக்கு இன்னோர் அலுவலகத்திலும் இருப்பதால், “அது எங்கள் பொறுப்பில் வராது” என்ற பதில் இரண்டு பக்கமும் கிடைக்க வாய்ப்புண்டு. இரண்டு ஒப்புகைகளும் கையில் இருந்தால் அந்தப் பேச்சு எடுபடாது.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமை இருக்கிறது. இந்தியாவில் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி 30 நாள்களுக்குள்ளும், இலங்கையில் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 வேலைநாள்களுக்குள்ளும் முடிவு தெரிவிக்கப்பட வேண்டும். ஒருவரின் உயிர், சுதந்திரம் தொடர்பான தகவல் என்றால் இரு நாடுகளிலும் 48 மணி நேரம்தான் கெடு. “ஏன் செய்யவில்லை?” என்று கேட்காதீர்கள், ஏட்டில் இல்லாத விளக்கத்தைத் தர அலுவலர் கடமைப்பட்டவரல்லர். இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை இந்தப் பதிவேட்டின் நகல் என்று கேளுங்கள். இந்தியச் சட்டத்தில் பலர் பயன்படுத்தாத ஒரு வாய்ப்பு உண்டு: நகலுக்குக் காத்திராமல் பதிவேட்டையும் பணியையும் நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் உரிமை இருக்கிறது. பிளீச்சிங் பவுடரின் தரத்தில் ஐயமிருந்தால் அந்த மாதிரியைக் கேட்டு வாங்கலாம்.

நிவாரண முகாம்களுக்கு அளவுகோலாக, பன்னாட்டு நிவாரணத் தொண்டு அமைப்புகள் சேர்ந்து 1997இல் தொடங்கிய ஸ்ஃபியர் திட்டத்தின் குறைந்தபட்ச நெறிகளை எடுத்துக்கொள்ளலாம். ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் நீர், 250 பேருக்கு ஒரு குழாய், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்பன அவற்றுள் முக்கியமானவை. உங்கள் பகுதி முகாமின் எண்களை இவற்றுக்குப் பக்கத்தில் எழுதி வைத்தாலே கூட்டத்தில் பேச வேண்டியது தெளிவாகிவிடும்.

நோயையும் சாவையும் எண்ணுவது

வாரந்தோறும், வார்டு வாரியாக, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை ஆகியவற்றின் எண்ணிக்கையைக் கேளுங்கள். நோயாளிகளின் பெயரைக் கேட்கவும் வேண்டாம், யாராவது கொடுத்தால் வாங்கவும் வேண்டாம். தனியார் மருத்துவமனைகளின் எண்ணிக்கையும் இதில் சேர்ந்திருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

சாவுக் கணக்கில்தான் பொறுப்பு மிக எளிதாக நழுவுகிறது. 2017 செப்டம்பரில் மரியா புயல் தாக்கிய, அமெரிக்காவின் ஆட்சிக்கு உட்பட்ட கரீபியன் தீவான புவெர்ட்டோ ரிக்கோவில், அதிகாரபூர்வ எண்ணிக்கை 64 என்றே பல மாதங்கள் நின்றது. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு, அந்தச் செப்டம்பர் முதல் அடுத்த பிப்ரவரி வரை வழக்கத்தைவிடக் கூடுதலாக 2,975 பேர் இறந்ததாகக் கணக்கிட்ட பிறகு, 2018 ஆகஸ்டில் அரசு அந்த எண்ணை ஏற்றுக்கொண்டது. இறப்புச் சான்றிதழில் பேரிடரோடு உள்ள தொடர்பை எப்படிக் குறிப்பது என்று மருத்துவர்களுக்குப் போதிய வழிகாட்டுதல் இல்லாததும் இந்த இடைவெளிக்கு ஒரு காரணம் என்று அந்த ஆய்வு சுட்டியது. மின்சாரம் இல்லாமல் சுவாசக் கருவி நின்றதாலோ, சாலை துண்டிக்கப்பட்டு டயாலிசிஸ் தவறியதாலோ நேரும் சாவு இப்படித்தான் கணக்கில் சேராமல் போகிறது.

உங்கள் பகுதியில் அப்படி ஒரு சாவு நேர்ந்தால், மரணக் காரணச் சான்றை எழுதும் மருத்துவரிடம் மின்தடை நேரத்தையும், ஆம்புலன்ஸ் அழைத்த நேரத்தையும், தவறிய சிகிச்சையின் தேதியையும் குடும்பத்தார் எழுத்தில் கொடுக்கட்டும். முந்தைய ஐந்து ஆண்டுகளில் இதே மாதங்களில் பதிவான இறப்புகளின் எண்ணிக்கையைப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டு வாங்கி, இந்த ஆண்டின் எண்ணோடு வார்டு கூட்டத்தில் முன்வைத்து, வித்தியாசத்துக்கு விளக்கம் கோரும் தீர்மானத்தைக் கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.