கொடைக்கானல் குளிரில் காரை ஸ்டார்ட் செய்து, கியரிலேயே மதுரைக்கு இறக்குவது எப்படி?

மதுரையில் மார்கழி விடியற்காலை என்றாலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதற்கே நாம் மங்கி குல்லா போட்டுக்கொள்வோம். வண்டிக்கு அது குளிரே இல்லை, சாவியைத் திருப்பியதும் எழுந்துவிடும். அந்த நம்பிக்கையில்தான் இரண்டு வருடத்துக்கு முன்பு தை மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் போனேன். நாயுடுபுரம் பக்கம் தங்கினோம். மறுநாள் விடியுமுன் பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயிலுக்குக் கிளம்புவதாகத் திட்டம். ஐந்தரை மணிக்குச் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக் டிக்'. அவ்வளவுதான், செல்ஃப் எடுக்கவே இல்லை.

அன்று காலையில் ஒரு தப்பு, இறங்கி வரும்போது அதைவிடப் பெரிய தப்பு. இரண்டையும் சரிசெய்துகொண்ட பிறகு நான் பின்பற்றுகிற முறை இது. என்னுடையது எட்டு வருடப் பழைய பெட்ரோல் வண்டி, ஐந்து கியர். டீசல் வண்டிக்கு எங்கே மாறுமோ அங்கே சொல்கிறேன். கிளட்ச் எது, பிரேக் எது என்பதெல்லாம் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வேலை மதுரையிலேயே: பேட்டரியைப் பாருங்கள்

திரும்பி வந்ததும் பைபாஸ் ரோட்டில் ஒரு பேட்டரிக் கடையில் வண்டியைக் காட்டினேன். "குளிர்ல போயிருச்சுண்ணே" என்றேன். அவர் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது போன சித்திரையிலேயே முக்காவாசி செத்துப்போச்சு. நீங்க மலைக்குப் போயி கண்டுபிடிச்சிருக்கீங்க" என்றார்.

விஷயம் இதுதான். பேட்டரியின் ஆயுளைக் குறைப்பது நம்மூர் வெயில். பானட்டுக்குள் இருக்கும் சூட்டில் உள்ளே தண்ணீர் வற்றும், தகடுகள் சீக்கிரம் அரிக்கும். இருந்தாலும் மதுரைச் சூட்டில் என்ஜின் லேசாகச் சுற்றிவிடுவதால் அரை உயிர் பேட்டரியே போதும், குறை வெளியே தெரியாது. கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில், ராத்திரி ஒற்றை இலக்க டிகிரிக்கு இறங்கும் ஊரில் கதை வேறு. குளிரில் பேட்டரிக்குள் நடக்கும் ரசாயன வேலை மந்தமாகி, அது கொடுக்கும் கரண்ட் குறையும். அதே நேரம் என்ஜின் ஆயில் கெட்டியாகி, சுற்றுவதற்குக் கூடுதல் கரண்ட் கேட்கும். தேங்காய் எண்ணெய் பாட்டில் மார்கழியில் என்ன ஆகிறது என்று பார்த்திருப்பீர்களே? என்ஜின் ஆயில் அந்த அளவுக்கு உறையாது, ஆனால் போகிற திசை அதுதான்.

ஆகவே கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பு, வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்துவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் பேட்டரியில் மல்டிமீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். 12க்குக் கீழே என்றால் மலைப் பயணத்தை மறந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். அடுத்து ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி மீட்டரைப் பாருங்கள். செல்ஃப் சுற்றும் அந்த நொடியில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். வண்டி ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் இடையில் காட்டினால், ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது.

மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகும் வோல்ட் மீட்டர்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. நான் வாங்கியது எப்போதும் அரை வோல்ட் குறைத்துக் காட்டி பீதியைக் கிளப்பியது.

பேட்டரியில் வயர் மாட்டும் டெர்மினலில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். 10ஆம் நம்பர் ஸ்பேனரால் முதலில் கறுப்பு (மைனஸ்) வயரைக் கழற்றணும், மாட்டும்போது கறுப்பைக் கடைசியில் மாட்டணும். காய்ந்த பிறகு மேலே கொஞ்சம் வாஸ்லின்.

ஆயில் பற்றி ஒரு வார்த்தை. 20டபிள்யூ-50 மாதிரி தடித்த ஆயில்தான் வெயிலுக்கு நல்லது என்று நம்மூர்ப் பட்டறைகளில் இன்னமும் சொல்கிறார்கள். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதைச் சொல்வது. எண் சின்னதானால் குளிரில் லேசாகச் சுற்றும். வண்டியோடு வந்த புத்தகத்தில் 5டபிள்யூ-30 என்று போட்டிருந்தால் அதையே ஊற்றுங்கள்.

ராத்திரி நிறுத்தும்போது

முடிந்தால் கூரைக்கடியில் நிறுத்துங்கள். ஹெட்லைட், பாட்டு, ஏ.சி. ஃபேன், சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பிறகு என்ஜினை அணையுங்கள். நான் எதையும் அணைக்காமல் சாவியை மட்டும் எடுத்தவன். காலையில் சாவியைத் திருப்பியதும் அவ்வளவும் செல்ஃப் மோட்டாரோடு கரண்டுக்குப் போட்டி போட்டன.

சரிவில் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்திருந்தால் பஸ்ட் கியர், பள்ளத்தைப் பார்த்திருந்தால் ரிவர்ஸ் கியர் போட்டு நிறுத்துங்கள். சக்கரத்துக்கு ஒரு கல்லும் வையுங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்வது

ராத்திரி கியரில் போட்டது காலையில் யாருக்கும் நினைவிருக்காது. கிளட்ச்சை மிதிக்காமல் சாவியைத் திருப்பினால் வண்டி குதிக்கும். சில புது வண்டிகள் கிளட்ச் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும், பழையவை அப்படி இல்லை. ஆகவே கிளட்ச்சை அடிவரை மிதித்து, பிரேக்கையும் மிதித்து, நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். நியூட்ரலுக்கு வந்த பிறகும் கிளட்ச்சை விடவேண்டாம். விட்டால் கியர் பாக்ஸில் இருக்கும் கெட்டி ஆயிலையும் சேர்த்துச் சுற்றவேண்டிய பாரம் செல்ஃப் தலையில் விழும்.

சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்பி இரண்டு மூன்று நொடி பொறுங்கள். பின்சீட்டுப் பக்கம் 'ஙொய்' என்று பெட்ரோல் பம்ப் ஓடி நிற்கும் சத்தம் கேட்கும். டீசல் என்றால் மீட்டரில் சுருள் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரியும். ஹீட்டர் பிளக் சூடாகிறது என்று அர்த்தம். அது அணையும்வரை சாவியைத் திருப்பக் கூடாது. மதுரையில் அந்த விளக்கு கண்ணுக்குத் தெரியுமுன் அணைந்துவிடும் என்பதால், ரொம்ப வருடமாக டீசல் ஓட்டும் என் மச்சானுக்கே அது எதற்கென்று தெரியவில்லை.

இப்போது செல்ஃப். நான் சறுக்கிய இடம் இதுதான். எடுக்காத எரிச்சலில் சாவியை அரை நிமிஷம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன், ஆக்சிலரேட்டரைச் 'சதக் சதக்'கென்று மிதித்துக்கொண்டே. மிச்சம் இருந்த கரண்டும் போய்விட்டது. ஒரு தடவைக்கு ஐந்து நொடிக்கு மேல் வேண்டாம். எடுக்கவில்லையா, சாவியை விட்டுவிட்டு அரை நிமிஷம் சும்மா இருங்கள். பேட்டரி கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளும், செல்ஃப் மோட்டாரும் ஆறும். மூன்று நான்கு தடவை பார்த்தும் எடுக்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு, இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கும் ஜம்பர் கேபிளைத் தேடுங்கள். ஆக்சிலரேட்டரைத் தொடவேண்டாம். கார்புரேட்டர் காலத்தில் அப்பா ரேஸ் கொடுத்து ஸ்டார்ட் செய்ததைப் பார்த்து வளர்ந்தோம், காலுக்கு அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. இப்போதைய வண்டியில் எவ்வளவு பெட்ரோல் போகணும் என்பதைக் கம்ப்யூட்டரே முடிவு செய்கிறது.

சத்தத்தையும் கவனியுங்கள். 'டிக் டிக்' என்றால் பேட்டரி. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் என்ஜின் எடுக்கவில்லை என்றால் பேட்டரி மேல் பழி போடாதீர்கள், ஸ்பார்க் பிளக்கோ பெட்ரோலோ காரணமாக இருக்கலாம்.

ஜம்பர் கேபிள்

காரட் ஏற்ற வந்த ஒரு பிக்கப் வண்டிக்காரர்தான் என்னைக் காப்பாற்றினார். இரண்டு வண்டியும் ஒன்றையொன்று தொடக் கூடாது. சிவப்புக் கேபிளை முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டி, அதன் மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். அடுத்து கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டுங்கள். அதன் மறுமுனை செத்த பேட்டரிக்குப் போகக் கூடாது. உங்கள் என்ஜினில் பெயின்ட் இல்லாத ஒரு இரும்பில் மாட்டுங்கள். கடைசி இணைப்பில் பொறி பறக்கும், பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசியும். இரண்டும் பக்கத்தில் இருக்க வேண்டாம். அவர் வண்டியை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு உங்களுடையதை ஸ்டார்ட் செய்யுங்கள். கழற்றும்போது மாட்டியதற்கு நேர் தலைகீழ் வரிசை.

கேபிள் வாங்கினால் தடித்த செம்புக் கம்பி போட்டதாக வாங்குங்கள். மெல்லிசான கேபிள் தொட்டால் சுடும், கரண்ட் போகாது.

சரிவில் உருட்டி, தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா? மேனுவல் வண்டியில் முடியும், செகண்ட் கியரில். ஆனால் மலைச் சரிவில் நான் செய்யமாட்டேன். என்ஜின் ஓடாதபோது பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். என்ஜின் எடுக்காமல் போனால் அடுத்த வளைவு உங்களுக்காகக் காத்திருக்காது.

முதல் ஐந்து கிலோமீட்டர்

பத்து நிமிஷம் நிறுத்தி வைத்துச் சூடேற்றத் தேவையில்லை. அரை நிமிஷம், ஒரு நிமிஷம் போதும், பிறகு மெதுவாகக் கிளம்புங்கள். ஆர்.பி.எம். (என்ஜின் நிமிஷத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) 2,500ஐத் தாண்ட வேண்டாம். கண்ணாடியில் உள்பக்கம் மூடுபனி படிந்தால் ஏ.சி.யைப் போட்டு, சூட்டுக் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள். ஏ.சி. காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். வெளியே வெந்நீர் ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும்.

குளிரில் செகண்ட் கியர் முரண்டு பிடிக்கும். கியர் பாக்ஸ் ஆயில் கெட்டியாக இருப்பதால், இரண்டு பல்சக்கரங்களின் வேகத்தைச் சமமாக்கும் சிங்க்ரோ ரிங் தன் வேலையை முடிக்கக் கூடுதலாக ஒரு கணம் ஆகும். அந்தக் கணத்தைக் கொடுங்கள். கிளட்ச்சை முழுக்க மிதித்து, கியரை நியூட்ரலில் ஒரு மூச்சு நிறுத்தி, பிறகு விரல்களால் தள்ளுங்கள். விழவில்லையா? நியூட்ரலில் கிளட்ச்சை ஒரு தடவை விட்டு மறுபடி மிதித்துப் போடுங்கள். 'கிர்ர்' என்று உறுமும்போது பலத்தைக் காட்டினால் தேய்வது அந்த ரிங்தான், அதை மாற்ற கியர் பாக்ஸையே இறக்கணும்.

இறக்கம்: நியூட்ரல் வேண்டாம்

என் பெரிய தப்பு இது. கொடைக்கானலிலிருந்து அடிவாரத்து காட் ரோடு வரை சுமார் 50 கிலோமீட்டர். பெருமாள்மலை தாண்டியதும் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டினேன். ஊத்து தாண்டி வந்தபோது என் மனைவி, "என்னங்க, ஏதோ கருகுற வாடை அடிக்குது" என்றாள். முன்னால் போகிற லாரி என்றேன். டம்டம் பாறைக்கு வரும்போது பிரேக் பெடல் பஞ்சு மாதிரி கீழே போனது. நடுங்கிப்போய் ஓரங்கட்டினேன். எதிரே எலிவால் அருவி அழகாக விழுந்துகொண்டிருந்ததாகப் பிள்ளைகள் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை.

நியூட்ரலில் உருளும்போது வண்டியின் மொத்த எடையையும் பிரேக் மட்டுமே தாங்குகிறது. பிரேக் பேட் சூடேறிப் பிடிப்பை இழக்கும், பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விடும். குமிழி அமுங்கும், அதனால்தான் பெடல் பஞ்சாகிறது. இரண்டு வருடமாக மாற்றாத பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், அது இன்னும் சீக்கிரம் கொதிக்கும். என்னுடையது எத்தனை வருடம் என்று கேட்காதீர்கள்.

பெட்ரோல் மிச்சம் என்பதும் பொய். நியூட்ரலில் என்ஜின் ஓடிக்கொண்டிருக்க பெட்ரோல் வேண்டும். கியரில் இருந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இப்போதைய இன்ஜெக்ஷன் வண்டிகளில் பெட்ரோலே நின்றுவிடும். சக்கரம்தான் என்ஜினைச் சுற்றுகிறது.

எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பெரும்பாலும் செகண்ட், தேர்டு. கொண்டை ஊசி வளைவு வருமுன், ரோடு நேராக இருக்கும்போதே, பிரேக்கால் வேகத்தைக் குறைத்து, கிளட்ச் மிதித்து, ஒரு கியர் கீழே போட்டு, கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். வளைவுக்குள் கிளட்ச்சை மிதிக்காதீர்கள். மிதித்தால் அந்த நேரத்துக்கு அது நியூட்ரல்தான். பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே இருக்காமல், அழுத்தி மிதித்து விட்டுவிடுங்கள், நடுவில் ஆறட்டும். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள், 2017ஆம் ஆண்டு ஓட்டுதல் விதிமுறைகளிலும் அப்படித்தான் இருக்கிறது.

வாடை வந்துவிட்டால் அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் காத்திருங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிக்கொள்ளும். பின்சக்கரமும் சூடாகத்தான் இருக்கும், ஹேண்ட் பிரேக்கை இறுக்கிப் போடாமல் கியரில் நிறுத்திக் கல் வையுங்கள்.

பின்சேர்க்கை 1: ஆட்டோமேட்டிக் வண்டிக்கு என்ன செய்வது என்று பின்னூட்டத்தில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இறக்கத்தில் டி-யில் (டிரைவ்) விட்டால் அது தானாகவே மேல் கியருக்குப் போகப் பார்க்கும். மேனுவல் மோடுக்கோ, கீழ் கியரிலேயே பிடித்து வைக்கும் எல் அல்லது 2க்கோ மாற்றுங்கள். தள்ளி ஸ்டார்ட் செய்வது உங்களுக்கு இல்லை, ஜம்பர் கேபிள்தான்.

பின்சேர்க்கை 2: பண்ணைக்காட்டுக்குப் பைக்கில் போய்வரும் ஒருவர் எழுதியிருந்தார்: "சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொன்னீங்க, சரி. கிளம்பும்போது அதை எடுக்கச் சொன்னீங்களா? வளைவுல அந்தக் கல்லுல ஏறி நாங்கதான் விழுறோம்." சொல்லவில்லை, என் தப்புதான். இப்போது கயிறு கட்டிய மரக்கட்டை இரண்டு என் டிக்கியில் கிடக்கின்றன. கயிற்றின் மறுமுனையைக் கதவுக் கைப்பிடியில் கட்டிவிடுகிறேன், எடுக்காமல் கதவைத் திறக்க முடியாது.