நாயோடு வேனில் கிளம்பினால் ஐஸ் பாட்டில்

கடலோரமாக நாயையும் கூட்டிக்கொண்டு வேனில் போகும் தம்பதிகள், முந்தின ராத்திரியே இரண்டு லிட்டர் பாட்டில்களில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். காலையில் பழைய துண்டில் சுற்றி, நாய் படுக்கும் இடத்தில் போட்டுவிடுங்கள்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். ஒரு கிலோ ஐஸ் உருக இழுக்கும் வெப்பம், ஒரு லிட்டர் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கும் அளவு. அதனால்தான் திருவொற்றியூரில் ஏற்றிய பாட்டில் நெடுநேரம் குளிர்ச்சி தரும். உருகியதும் அதையே குடிக்க ஊற்றலாம், கடையில் தண்ணீர் வாங்கும் காசு மிச்சம். காசிமேட்டில் மீனுக்குப் போடும் ஐஸ் வேண்டாம், அது குடிக்க ஆகாது. முழுக்க நிரப்பினால் பாட்டில் வெடித்துவிடும், தண்ணீர் உறையும்போது விரியும்.

பாட்டிலைக் கடித்துக் குதறும் நாய்க்கு இது சரிவராது. பூட்டி வெயிலில் நிறுத்திய வேனுக்கும் இது உதவாது. அதில் ஐஸ் இருந்தாலும் நாயைத் தனியாக விடவே கூடாது. பக் மாதிரி சப்பை மூக்கு நாய்க்கு ஐஸை மட்டும் நம்பாதீர்கள், நடுப்பகல் பயணத்தையே தவிர்த்துவிடுங்கள்.