வீட்டுல தனியா வெயிட் தூக்கப் போறீங்களா

டிரெட்மில், மல்டி ஜிம்னு காசைக் கொட்டாதீங்க, ஒரு பார்பெல் (ரெண்டு முனையிலயும் வெயிட் மாட்டுற நீளமான இரும்பு பார்), அதுல மாட்டுற பிளேட், பெஞ்ச், சேஃப்டி பார் (பார் கீழ இறங்கிட்டா தாங்கிப் பிடிக்கிற கம்பி) வச்ச பவர் ரேக் (கூண்டு மாதிரி இரும்பு ஸ்டாண்ட்), கீழ தடிமனா ரப்பர் மேட், இது போதும். பார் 20 கிலோ ஒலிம்பிக் பாரா, முனை 50 மில்லிமீட்டர் சைஸ்ல வாங்குங்க. பிளேட் பழசு கிடைச்சா தாராளமா எடுக்கலாம், இரும்புதானே.

தனியா பண்றப்ப எனக்கு ரொம்ப பயம் பெஞ்ச் பிரஸ்தான், அதாவது பெஞ்ச்ல மல்லாந்து படுத்து பாரை நெஞ்சுல இருந்து மேல தள்ளுறது. தூக்கிவிட பக்கத்துல ஆள் இல்லாம பார் கழுத்துல இறங்கிட்டா உயிரே போயிடும், நிஜமாவே போயிருக்கு. அதனால நெஞ்சை நிமித்தி படுத்தா பார் நெஞ்சைத் தொடணும், நெஞ்சைத் தளர்த்தினா பார் சேஃப்டி மேல உக்காந்துடணும், அந்த உயரம் பாத்து வைங்க, வெறும் பார்லயே செக் பண்ணிட்டு அப்புறம் வெயிட் ஏத்துங்க. கட்டைவிரல் பாரைச் சுத்தி இருக்கணும். ரேக் வாங்குற வரைக்கும் தம்பிள்ஸ்லயே பண்ணுங்க ப்ளீஸ்.

வாரம் 3 நாள், ஸ்குவாட் (பாரைத் தோள்ல வச்சு உக்காந்து எழறது), பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் (தரையில இருந்து பாரைத் தூக்கி நிமிர்றது), ஸ்குவாட்டும் பிரஸ்ஸும் 5 ரெப் 3 செட் (ஒரு தடவை தூக்கி இறக்குறது ஒரு ரெப், நிறுத்தாம 5 ரெப் பண்ணா ஒரு செட்), டெட்லிஃப்ட் 1 செட்டே போதும். ஆரம்பத்துல ஒவ்வொரு நாள் பயிற்சிக்கும் 2.5 கிலோ ஏத்தலாம், அதுக்கு 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி கட்டாயம் வேணும். இன்னும் ஒரு ரெப் முடியும்னு தோணுறப்பவே பாரை வச்சிடுங்க.