கோய் மீன் குஞ்சுகள் ஐந்தாம் நாளில் சாவதை நிறுத்தியது

முட்டையிலிருந்து வெளிவந்த கோய் (வண்ணக் கெண்டை) மீன் குஞ்சுகள் மூன்று நாள் தொட்டியில் இருந்த நைலான் நாரில் ஒட்டியபடி நன்றாகவே இருந்தன. நீந்தத் தொடங்கியதும் கொத்துக் கொத்தாகச் செத்தன. காரணம், அவித்த முட்டையின் மஞ்சள் கரு. துணியில் வடிகட்டிக் கொடுத்தாலும் பெரும்பகுதி அடியில் படிந்து அழுகி, மீனுக்கு நஞ்சான அம்மோனியாவை ஏற்றிவிடுகிறது.

அடுத்த ஈட்டில் அதை அறவே விட்டு, ஆர்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலுக்கு மாறினேன். லிட்டருக்கு 25 கிராம் கல்லுப்பு, அரைத் தேக்கரண்டி ஆர்டீமியா முட்டை, விடாமல் காற்று. 28 டிகிரியில் ஒரு நாளில் பொரித்துவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் வெற்று ஓடு மேலே மிதக்கும், ஆரஞ்சு நிற உயிர்கள் கீழே தங்கும். கீழே உள்ளதை மட்டும் குழாயால் உறிஞ்சி, மெல்லிய துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசி, நாளுக்கு நான்கு வேளை கொடுக்க வேண்டும். ஓடு கலந்தால் குஞ்சின் குடல் அடைபடும், இதில் அவசரமே கூடாது. வயிறு ஆரஞ்சாகத் தெரிந்தால் சாப்பிட்டிருக்கிறது என்று பொருள்.

ஸ்பாஞ்ச் ஃபில்டரை (தண்ணீரைச் சுத்தம் செய்யும் பஞ்சு வடிகட்டி) ஒரு மாதம் முன்பே பெரிய குளத்தில் ஓடவிட்டுப் பிறகு குஞ்சுத் தொட்டிக்கு மாற்றினேன். புதிய ஸ்பாஞ்சில் அம்மோனியாவைச் சிதைத்து நன்மை செய்யும் பாக்டீரியா இருக்காது. தினமும் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றம், குளோரின் நீக்கிய தண்ணீர்தான். தொட்டிமேல் கொசுவலை அவசியம்: தும்பி முட்டையிட்டால் அதன் புழுக்கள் குஞ்சுகளைத் தின்றுவிடும்.